மிச்ச இடத்தில் வந்தவர்கள்

சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' முழு ஆல்பமுமே 29 நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி 16 நிமிடத்தை என்ன செய்வது என்பது எண்பதுகளின் கடைசியில் சென்னை ரெக்கார்டிங் கடைக்காரர்களுக்கு இருந்த தொழில் சிக்கல். காலியாக விட்டால் வாங்கியவன் திரும்பி வந்து சண்டை போடுவான். முழுக் காசு வாங்கிக்கொண்டு முக்கால் கேசட்டா தருகிறீர்கள் என்பான். அதனால் கடை அண்ணன் கைக்கு எட்டிய எல்.பி.யை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மிச்ச இடத்தை ரொப்பிவிடுவார். அவரிடம் இருந்த மெட்டல் இசைத் தட்டுகள் எல்லாம் கப்பல்காரர்கள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனவை. அவற்றில் எது என்ன, யார் எவர் என்று அவருக்கு அக்கறை இல்லை. அவருக்குப் பிடித்தது எம்.எஸ்.வி.

கேசட் அட்டையில் குண்டு குண்டான எழுத்தில் எழுதித் தருவார்: 'ஸ்லேயர் + மிக்ஸ்ட்'. அந்த நாட்களில் நான் மிகவும் மதித்த இசைக்குழுவின் பெயர் மிக்ஸ்ட். ஸ்லேயர் கேசட்டின் கடைசியில் வருவார்கள், மெகாடெத் கேசட்டின் கடைசியில் வருவார்கள், ஒரு தடவைக்கு ஒரு தடவை பாடகர் மாறிவிடுவார். இவ்வளவு திறமைசாலிகள் ஏன் தனியாக ஒரு ஆல்பம் போட மாட்டேன் என்கிறார்கள் என்று நண்பர்கள் நாங்கள் கவலைப்பட்டதுண்டு.

வீட்டில் இருந்தது ஒரே டூ-இன்-ஒன். காலையில் அதில் கந்த சஷ்டி கவசம், மாலையில் ஆகாசவாணிச் செய்தி. இடைப்பட்ட நேரம் என்னுடையது. கிட்டார் உச்சத்துக்குப் போகும்போது அப்பா வருவார். "ஸ்டேஷன் சரியாப் புடிக்கலையாடா?" என்று ட்யூனிங் குமிழைத் திருகுவார். கேசட் ஓடும்போது குமிழைத் திருகி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் பாட்டு முடியும்வரை பொறுமையாகத் திருகிவிட்டு, "இப்ப பரவால்ல" என்று போய்விடுவார்.

என் ஸ்லேயர் கேசட்டின் மிச்சத்தில் இருந்தவை இரண்டரைப் பாட்டு. முதலாவது ஏழரை நிமிடத்துக்கும் மேலே போகிற ஒன்று. போர்முரசு மாதிரியான தொடக்கம், பிறகு ஒரு கிட்டார் சுற்று, அதற்குமேல் நிறுத்தவே மனம் வராத ஓட்டம். இரண்டாவது ஆறு நிமிடம், கீச்சுக் குரல் பாடகர். மூன்றாவது யாரையோ கழுத்தைப் பிடித்து உலுக்குவதுபோல் தொடங்கும், பாதியில் டேப் தீர்ந்து 'டக்' என்று பட்டன் மேலே எழும்பும். பல வருடங்கள் அந்தப் பாட்டுக்கு என்னைப் பொறுத்தவரை 'டக்'தான் முடிவு.

முதல் பாட்டின் பெயர் 'ஆம் ஐ ஈவில்?'. பாடியவர்கள் டயமண்ட் ஹெட். பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில், கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன ஸ்டவர்பிரிட்ஜ்காரர்கள். பிரையன் டாட்லர், டங்கன் ஸ்காட் என்ற பள்ளித் தோழர்கள் 1976-ல் தொடங்கினார்கள், பாடகராக ஷான் ஹாரிஸ் சேர்ந்தார். எந்தப் பெரிய கம்பெனியும் சீந்தவில்லை. 1980-ல் தாங்களே ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள். அட்டைப்படம் போடக்கூட இல்லை. வெறும் வெள்ளை உறை, அதில் கையெழுத்து. கச்சேரிகளில் விற்றார்கள், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். மேனேஜர் வேலையைப் பார்த்தவர்களில் ஒருவர் பாடகரின் அம்மா.

அவர்களைத் தேடி 1981-ல் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு பையன் விமானம் ஏறி வந்தான். டென்மார்க்கில் பிறந்தவன், 17 வயது, பெயர் லார்ஸ் உல்ரிக். கச்சேரி பார்த்தான், மேடைக்குப் பின்னால் போய் அறிமுகம் செய்துகொண்டான், அவர்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டான், கூடவே சுற்றினான். ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு குழு ஆரம்பித்தான். மெட்டாலிகா. ஆரம்பக் கச்சேரிகளில் அவர்கள் வாசித்தவற்றில் டயமண்ட் ஹெட் பாட்டுகள் கணிசம். இது எங்கள் பாட்டில்லை என்று மேடையில் சொல்லிக்கொண்டிருக்கவும் இல்லை. இருபது பேர் இருக்கும் மண்டபத்தில் யார் கேட்கப்போகிறார்கள்?

பிறகு நடந்ததை விதி என்று சொல்லிவிடலாம், ஆனால் பாதிக்குப் பாதி உற்பத்திக் கோளாறு. டயமண்ட் ஹெட்டுக்குக் கடைசியில் ஒரு பெரிய கம்பெனி கிடைத்தது. 1982 ஆல்பம் இங்கிலாந்துப் பட்டியலில் 24-வது இடம்வரை போனது. 1983-ல் டோனிங்டன் திருவிழா மேடையும் கிடைத்தது. அந்த வருடம் வந்த 'கேன்டர்பரி' ஆல்பத்தின் முதல் 20,000 தட்டுகள் அச்சுப் பிசகால் ஓடும்போதே குதித்தன. காசு கொடுத்து வாங்கியவர்கள் ஊசி தாண்டித் தாண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போனார்கள். 1985-ல் குழு கலைந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் மெட்டாலிகா 'ஆம் ஐ ஈவில்?' பாட்டை முறைப்படி பெயர் போட்டு வெளியிட்டிருந்தது.

2010 ஜூனில் பல்கேரியாவின் சோஃபியா நகரில் மெட்டாலிகா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ், ஸ்லேயர் நான்கும் ஒரே மேடையில் சேர்ந்தபோது, எல்லோரும் கூடி வாசிக்கத் தேர்ந்தெடுத்தது அந்தப் பாட்டைத்தான். ஸ்லேயரிலிருந்து டிரம்மர் மட்டும் வந்து நின்றார். மேடை நிறைய கிட்டார். அங்கே இல்லாதவர்கள் அதை எழுதிய டாட்லரும் ஹாரிஸும்தான். டாட்லர் இதற்காகப் புலம்புகிறவர் இல்லை. மெட்டாலிகா வழியாக வந்த ராயல்டிதான் தன்னைத் தாங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்னமும் டயமண்ட் ஹெட்டை நடத்துகிறார், 2023 முதல் சாக்ஸன் குழுவோடும் ஊர் ஊராகப் போகிறார். அந்த 1980 தட்டின் ஏழு பாட்டுகளையும் வரிசையாகக் கேட்டால் ஒன்று புரியும். மெட்டாலிகா இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு பாட்டை அல்ல, ஒரு பாட்டுக்குள் இத்தனை கிட்டார் சுற்றுகளை அடுக்கலாம் என்ற துணிச்சலை.

இரண்டாவது பாட்டு, கீச்சுக் குரல், 1973-ன் 'பிரெட்ஃபேன்'. குழு பட்ஜி, வேல்ஸின் கார்டிஃப் நகரம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் வைத்து விற்கிற சின்னக் கிளி இருக்கிறதல்லவா, அதன் பெயரை ஒரு முரட்டு ராக் குழுவுக்கு வைத்தவர்கள். பாட்டுகளுக்கு அவர்கள் வைத்த தலைப்புகள் அதைவிட மோசம். துறைமுகக் கூலியின் அக்குளை வைத்துக்கூட ஒன்று உண்டு. முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் பிளாக் சாபத்தின் முதல் மூன்று தட்டுகளைத் தயாரித்த ராட்ஜர் பெய்ன். ஆக, வாத்தியார் சரியான வாத்தியார். தடிமனான மூக்குக் கண்ணாடியோடு பேஸ் வாசித்துக்கொண்டே பாடிய பர்க் ஷெல்லி 2022-ல் காலமானார். இவர்களையும் உலகத்துக்கு எடுத்துச் சொன்னது மெட்டாலிகாதான், 1988-ல் இந்தப் பாட்டைத் தாங்களே வாசித்து வெளியிட்டு. நன்றாகத் தெரிந்துகொண்டுதான் இரவல் வாங்கியிருக்கிறார்கள், அந்த மட்டில் ரசனைக்காரர்கள்.

அந்த 'டக்' பாட்டு சிரித் உங்கோல் என்ற குழுவினுடையது. கலிஃபோர்னியாவின் வென்சுரா. 1982-ல் 'மெட்டல் மசாக்கர்' என்று ஒரு தொகுப்புத் தட்டு வந்தது. பெயரெடுக்காத குழுக்களாகப் பார்த்துச் சேர்த்தது. அதில் இவர்கள் ஒரு பாட்டு, மெட்டாலிகா ஒரு பாட்டு. முதல் அச்சில் மெட்டாலிகாவின் பெயரில் ஒரு 'டி' கூடுதலாக விழுந்து எழுத்துப் பிழையோடு இருக்கும். சிரித் உங்கோலின் பெயர் சரியாகவே இருந்தது. பிழை விழுந்தவர்கள் எங்கே போனார்கள், சரியாக எழுதப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதைப் பார்த்தால் எண் கணித ஜோசியர்கள் சந்தோஷப்படுவார்கள்.

டோல்கியன் நாவலிலிருந்து பெயர், மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளுக்கு மைக்கேல் வீலன் வரைந்த ஓவியங்களிலிருந்து அட்டைகள். டிம் பேக்கரின் குரல் ஒரு தினுசு. பிடிக்காதவர்களுக்கு முதல் அடியிலேயே பிடிக்காது, அவர்களோடு வாதாட நான் தயாரில்லை. 1984-ன் 'கிங் ஆஃப் த டெட்' மெதுவான, கனத்த, ஏதோ கோட்டைவாசலில் நின்று கேட்பது போன்ற ஆல்பம். 1992-ல் மனம் வெறுத்துக் கலைந்தார்கள். கால் நூற்றாண்டு நெருங்கும்போது திரும்ப ஒன்றுகூடினார்கள். 2020-ல் 'ஃபாரெவர் பிளாக்' வந்தது. சரியாக உலகமே கதவைச் சாத்திக்கொண்ட ஏப்ரல் மாதத்தில். நேரம் பார்ப்பதில் அவர்கள் மாறவே இல்லை.

இப்போது இந்த மூன்று பாட்டுகளும் என் போனில் இருக்கின்றன. முழுசாக, தெளிவாக, 'டக்' இல்லாமல். அவற்றோடு உலகத்தில் இதுவரை யாரும் கத்திப் பாடிய எல்லாமும் இருக்கின்றன. அன்று ஒரு தட்டுக்காகப் பாரிமுனையிலிருந்து அண்ணாசாலைவரை கடை கடையாக ஏறி இறங்கியவனுக்கு இது சொர்க்கமாக இருக்க வேண்டும். நடப்பது வேறு. பட்ஜி போட்டால் பாட்டு முடிந்ததும் ஆப் தானாக அடுத்ததை எடுத்துக் கொடுக்கிறது. முதலில் பிளாக் சாபத். அடுத்து டீப் பர்ப்பிள். அதற்கடுத்தது மெட்டாலிகா. வோய்வோட் என்ற கனடாக் குழுவில் ஆரம்பித்தாலும் மெட்டாலிகா. நள்ளிரவில் ஹங்கேரிக் குழு ஒன்றில் ஆரம்பித்துப் பார்த்தேன், கொஞ்சம் சுற்றுவழியாகப் போய் அதே மெட்டாலிகா. என் ரசனையை அணுஅணுவாக அளந்து வைத்திருக்கிறதாம். கடை அண்ணனுக்கு என் ரசனையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. 16 நிமிடம் ரொப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. ரசனை பார்த்துக் கொடுக்கிறவன் எனக்குத் தெரிந்ததையே திருப்பித் தருகிறான், நிமிடம் பார்த்துக் கொடுத்தவர் டயமண்ட் ஹெட்டைத் தந்தார்.

அந்த ஹங்கேரிக் குழுவைச் சொல்லாமல் விடக் கூடாது. டார்மென்டர், புடாபெஸ்ட். 1988-ல் 'அன்னோ டொமினி' என்று பதிவு செய்தார்கள், உரிய காலத்தில் தட்டாக வெளிவரவில்லை. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதியாகி, தபால் உறைகளில் எல்லை தாண்டி நார்வே போய்ச் சேர்ந்தது. அங்கே மேஹெம் என்ற குழு அதைக் கேட்டு மயங்கி, பாடகர் ஆட்டிலா சிஹாரைக் கூப்பிட்டு அனுப்பியது. 1994-ல் வந்த மேஹெமின் புகழ்பெற்ற ஆல்பத்தில் இருப்பது அவர் குரல். எத்தனையாவது பிரதியில் அவர் குரலை அவர்கள் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. பிரதியின் பிரதிக்கு இரைச்சல் கூடும். அந்த இரைச்சலையும் சேர்த்தே ஒரு பாணியாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் சந்தேகம்.

வோய்வோட் என் கைக்கு வந்தபோது டேப் இழுத்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றியது. கிட்டார் ஏதோ கோணலாக, இரண்டு ஸ்வரங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்தோம், பிஞ்ச் ரோலரில் ஒட்டியிருந்த பழுப்பு மாவை நகத்தால் சுரண்டினோம், திரும்பப் போட்டோம். அதே முறைப்பு. வேறு வழியில்லாமல் பாட்டே அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டு கேட்கத் தொடங்கினோம். ஒரு மாதத்தில் மற்ற எல்லாக் குழுக்களின் கிட்டாரும் சப்பென்று ஆகிவிட்டது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஜோன்கியர் அவர்கள் ஊர். அலுமினியம் உருக்கும் பெரிய ஆலை இருக்கிற ஊர். அந்த ஆலைச் சத்தம் தங்கள் இசைக்குள் புகுந்துவிட்டது என்று டிரம்மர் மிஷெல் லாஞ்ஜவன் சொல்வார். அட்டைப்படங்களை வரைபவரும் அவர்தான். நிஜ உலோகத்திலிருந்து வந்த மெட்டல் என்று இதைச் சொல்லலாம். கிட்டார்காரர் டெனி டமூர், நண்பர்களுக்குப் 'பிக்கி'. 1988-ன் 'டைமென்ஷன் ஹாட்ராஸ்', 1989-ன் 'நத்திங்ஃபேஸ்' இரண்டிலும் அவர் செய்திருப்பதைப் போல அன்று வேறெவரும் செய்யவில்லை. கனத்த ஓசையில் அடிக்க வேண்டிய இடத்தில் உடைந்த கண்ணாடி மாதிரியான நாதம் ஒன்றை வைப்பார், அடுத்த கணம் தாளம் ஏழுக்குத் தாவியிருக்கும்.

2005 ஆகஸ்டில் பிக்கி புற்றுநோயால் இறந்தார். 45 வயது. மடிக்கணினியில் கிட்டார் பகுதிகளைப் பதிவு செய்து வைத்துவிட்டு, அவற்றை என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் அவர் வாசித்து வைத்ததைச் சுற்றி டிரம்ஸ் அடித்து, பாடி, இரண்டு ஆல்பங்கள் முடித்தார்கள்: 2006-ல் 'கட்டோர்ஸ்', 2009-ல் 'இன்ஃபினி'. அதற்கப்புறமும் நிற்கவில்லை. டேனியல் மோங்ரென் என்ற இளையவர் வந்தார். 2018-ல் வந்த 'த வேக்' ஆல்பத்துக்கு மறு வருடம் கனடாவின் ஜூனோ விருது. குழு தொடங்கி முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்ட பிறகு! இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு குழுவைத்தான் எடுத்துக்கொள்வேன் என்பவர்கள் வோய்வோடை எடுத்துக்கொள்ளட்டும். முதல் தடவை கேட்டுவிட்டு ஸ்பீக்கரைத் துடைக்க வேண்டாம்.

பெண்கள் குழுக்களை நாங்கள் அன்று எப்படி நடத்தினோம் என்பதைப் பேசாமல் தாண்டிவிடுவது வசதி. கேர்ள்ஸ்கூல் கேசட்டை எவனும் கேட்டு வாங்க மாட்டான், மோட்டார்ஹெட்டின் மிச்சத்தில் வந்தால் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே கேட்பான். அந்த இரண்டு குழுக்களும் சேர்ந்து 1981-ல் போட்ட சின்னத் தட்டு இங்கிலாந்தில் ஐந்தாவது இடம்வரை போயிற்று என்பது தெரியவந்தபோது நண்பன் ஒருவன், மோட்டார்ஹெட் பாடகரைச் சொல்லி, "அது லெம்மிக்காக வாங்கியிருப்பாங்க" என்றான். அவன் இன்று தன் மகளை டிரம்ஸ் வகுப்புக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போகிறான். வாசலில் காத்திருக்கும் இரண்டு மணி நேரமும் போனில் கேர்ள்ஸ்கூல் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறான்.

இப்போதெல்லாம் புகழ் எந்த வாசல் வழியாக வருகிறது என்று சொல்வதற்கில்லை. கனடாவின் ஆன்வில் குழு 1982-ல் 'மெட்டல் ஆன் மெட்டல்' போட்டபோது வராத கூட்டம், அவர்கள் எப்படியெல்லாம் தோற்றார்கள் என்று 2008-ல் ஆவணப்படம் வந்ததும் வந்துவிட்டது. கேன்சஸின் விச்சிட்டாவைச் சேர்ந்த மனில்லா ரோடு கதை வேறு மாதிரி. உள்ளூரில் அவர்களைத் தெரிந்தவர்கள் குறைவு, கிரீஸிலும் ஜெர்மனியிலும் தலைவர் மார்க் ஷெல்டனுக்குக் கோயில் கட்டாத குறை. 2018 ஜூலையில் ஜெர்மனித் திருவிழா ஒன்றில் வாசித்து முடித்த கையோடு அங்கேயே இறந்துபோனார். 1983-ன் 'கிரிஸ்டல் லாஜிக்' கேட்டுப் பாருங்கள், மூக்கால் பாடுவதைப் பொருட்படுத்தாமல்.

போன வருடத் தொடக்கத்தில் அக்கா மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நரைத்த சடையும் பிதுங்கிய விழியுமாக மேடையில் நின்று ஒரு கிழவர் கேமராவை முறைக்கிறார். "மாமா, இந்தத் தாத்தா செம்ம. எல்லாரும் இவரைத்தான் ஷேர் பண்றாங்க. யாரு இவரு?"

பென்டகிராம் குழுவின் பாபி லீப்லிங் என்றேன். 1971-ல் தொடங்கிய குழு. முதல் ஆல்பம் வர 1985 ஆயிற்று. நடுவில் 1975-ல் கிஸ் குழுவின் ஜீன் சிம்மன்ஸும் பால் ஸ்டான்லியும் இவர்கள் ஒத்திகையைப் பார்க்கவே வந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. போதை, அடிதடி, பெற்றோர் வீட்டுக் கீழ்த்தளத்தில் கழிந்த வருடங்கள் எல்லாம் ஆவணப்படமாக இருக்கின்றன. அவரை யாரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். ஆனால் எழுபதுகளில் அவர் எழுதிய பாட்டுகள் அமெரிக்க டூம் மெட்டலின் அஸ்திவாரம். இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது அவள் அடுத்த வீடியோவுக்குப் போயிருந்தாள். அரை நூற்றாண்டு பாடியும் கிடைக்காத கூட்டம், பத்து நொடி முறைத்ததும் கிடைத்துவிட்டது. பாட்டையும் ஒரு தடவை கேளேன் என்றேன். "வீடியோல பாட்டு வருதே மாமா" என்றாள்.

ஆனாலும் அவளிடம் முற்றாக நம்பிக்கை இழக்கவில்லை. ருத்ராவைப் போட்டுக் காட்டினேன். சிங்கப்பூர்க் குழு, 1992-ல் தொடங்கியது. பேஸ் வாசித்துப் பாடுபவர் கதிரசன். நாங்கள் இங்கே அமெரிக்க உச்சரிப்பில் பிசாசைக் கூப்பிட்டுக் கொண்டிருந்த காலத்தில், அவர்கள் டெத் மெட்டலுக்குள் வேதாந்தத்தை வைத்தார்கள். தங்கள் இசைக்கு 'வேதிக் மெட்டல்' என்றே பெயர். 2005-ல் தொடங்கி 'பிரம்மவித்யா' என்று மூன்று ஆல்பங்கள், 'நான்' என்பது எது என்கிற விசாரணையை இரட்டை பேஸ் டிரம்ஸ் அதிரச் செய்தவை. ஐரோப்பியக் குழு ஒன்று இதைச் செய்திருந்தால் சென்னையில் பாதிப் பேர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்திருப்போம். பக்கத்து நாட்டில், நம்மைப் போன்ற முகத்தோடு செய்ததால் எங்கள் காதுக்கு வந்து சேர இவ்வளவு காலம்.

ஸ்பீக்கரில் சமஸ்கிருத உச்சாடனம் ஆரம்பித்தது. அடுப்படியிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "பரவால்லையே, வயசானதும் புத்தி வந்துடுச்சா உனக்கு? எந்தக் கோயில் கேசட்டு இது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணைக்கூட மூடிவிட்டாள். நான் தலைகுனிந்துகொண்டேன், அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். டிரம்ஸ் விழுந்தது, கதிரசன் உறுமினார். அக்கா கண்ணைத் திறந்து ஸ்பீக்கரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"முதல்ல வந்தது மட்டும் கட் பண்ணி எனக்கு வாட்ஸப்ல அனுப்பு. மிச்சம் உனக்கே இருக்கட்டும்" என்று எழுந்து போனாள்.